சிவப்புக் கார்டு நீலமாகும் வரை



பேராக் மாநிலத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி எழுதிய கடிதம் என் மேசைமேல் இருக்கிறது. தம் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். தமிழ்நாட்டில் பிறந்தவர். இங்குள்ளவரை மணந்து பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. கணவர் செம்பனை லாரி ஓட்டுகிறார். இரண்டு பிள்ளைகள், இருவரும் தமிழ்ப்பள்ளியில் படிக்கிறார்கள். பாஸைப் புதுப்பித்துப் புதுப்பித்து, கடைசியில் மூன்று ஆண்டுகளுக்கு முன் இவருக்குச் சிவப்பு அடையாளக் கார்டு கிடைத்திருக்கிறது. "இனிமேல் நீலக் கார்டுக்கு எழுதிப் போடலாம் என்கிறார்கள். பேட்டிக்குக் கூப்பிட்டால் என்ன கேட்பார்களோ என்று வயிற்றைக் கலக்குகிறது. எனக்கு மலாய் கடையில் பேசுவதோடு சரி. பக்கத்து டவுனில் ஒருவர் ஐயாயிரம் வெள்ளி கொடுத்தால் பேட்டியே இல்லாமல் முடித்துத் தருகிறேன் என்கிறார். கொடுக்கலாமா டீச்சர்?" என்று முடித்திருக்கிறார்.

கொடுக்காதீர்கள், சகோதரி. மற்றதெல்லாம் பிறகு. பேட்டியே இல்லாமல் நீலக் கார்டு வாங்கித் தருகிறேன் என்பவர் ஒன்று பொய் சொல்கிறார், அல்லது பொய்க் கார்டு தரப் போகிறார். பொய்க் கார்டோடு பிடிபட்டால் தண்டனை உங்களுக்கு, ஐயாயிரம் அவருக்கு. பாரம் நிரப்பத் தெரியாவிட்டால் உங்கள் பிள்ளை படிக்கும் பள்ளிக்கூடத்து ஆசிரியரைக் கேளுங்கள். ஒரு தேநீர் கொடுத்தால் போதும், நிரப்பித் தருவார்.

இப்போது விஷயத்துக்கு வருவோம். எத்தனையோ குடும்பங்கள் முதல் படியிலேயே தடுக்கி விழுவதால் கொஞ்சம் பின்னாலிருந்து தொடங்குகிறேன்.

நம் ஜனங்கள் எல்லாவற்றையும் "ஐசி ஆப்பீஸ்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். உண்மையில் இரண்டு இலாகாக்கள் இருக்கின்றன. வெளிநாட்டிலிருந்து வந்த மனைவிக்கு நீண்டகால வருகை பாஸ் கொடுப்பதும், பிறகு நிரந்தரவாசத் தகுதிக்கான மனுவை வாங்கிக்கொள்வதும் குடிநுழைவு இலாகா. திருமணப் பதிவு, பிறப்புப் பத்திரம், அடையாளக் கார்டு, குடியுரிமை மனு ஆகியவை தேசியப் பதிவிலாகா. ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு, பஸ் பிடித்து, தவறான கட்டிடத்தில் நம்பர் எடுத்துக் காத்திருந்து திரும்பியவர்களை எனக்குத் தெரியும்.

பாதை இப்படிப் போகிறது. கணவர் மலேசியக் குடிமகனாக இருந்தால் மனைவி முதலில் அந்தப் பாஸில் இருப்பார். பாஸில் தொடர்ந்து ஐந்தாண்டு இருந்த பிறகு நிரந்தரவாசத்துக்கு மனுச் செய்யலாம். அது கிடைத்தால் சிவப்புக் கார்டு. இன்றைய பெயர் மைபிஆர். அதற்குப் பிறகு அரசியலமைப்பின் 15-ஆம் பிரிவு, முதல் உட்பிரிவு. மலாயில் 'பெர்காரா லீமா பெலாஸ், சத்து' என்று கேளுங்கள். குடிமகனை மணந்த பெண், மனுச் செய்வதற்கு முந்திய இரண்டு ஆண்டுகள் முழுவதும் இந்நாட்டில் வசித்திருந்து, இனியும் நிரந்தரமாக இங்கேயே வாழும் எண்ணமுடையவளாய், நன்னடத்தை உள்ளவளாய் இருந்தால் குடிமகளாகப் பதிவு பெற அவளுக்கு உரிமை உண்டு என்று அந்தப் பிரிவு சொல்கிறது. நடைமுறையில் இந்த இரண்டாண்டைச் சிவப்புக் கார்டு கிடைத்த நாளிலிருந்து பார்க்கிறார்கள். கடிதம் எழுதிய சகோதரிக்கு மூன்று ஆண்டுகள் ஆகிவிட்டன. தாமதிக்கக் காரணமே இல்லை.

"சிவப்புக் கார்டே போதாதா, நிம்மதியாகத்தானே இருக்கிறோம்?" என்று சிலர் கேட்கலாம். இருக்கலாம். ஆனால் ஓட்டுப் போட முடியாது. மலேசியக் கடப்பிதழ் எடுக்க முடியாது. சிவப்புக் கார்டு என்றால் ஏன் முகம் மாறுகிறது என்று உங்கள் மாமியாரின் மாமியாரைக் கேட்டால் தெரியும். 1968-ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தால் 1969-இல் குடியுரிமை இல்லாதவர்கள் வேலைப் பெர்மிட் எடுத்தாக வேண்டும் என்று வந்தது. பல்லாண்டு பால்மரம் சீவியவர்கள் திடீரென்று அந்நியர் ஆனார்கள். ஏறத்தாழ 60,000 தோட்டத் தொழிலாளர்கள் இந்தியாவுக்குத் திரும்பிப் போனார்கள். இங்கேயே தங்கிய பலர் சிவப்புக் கார்டோடு கிழவர்கள் ஆனார்கள். 2018-இல்கூட, அறுபது வயதைக் கடந்த சிவப்புக் கார்டு இந்தியர்கள் 3,400-க்கும் மேற்பட்டவர்களுக்குக் குடியுரிமை வழங்கப்படும் என்று அரசாங்கம் அறிவிக்க வேண்டியிருந்தது. ஐம்பது ஆண்டு கழித்தும் முடியாத கதை அது. உங்கள் கதையை அப்படி இழுத்தடிக்க விடாதீர்கள்.

இனி, முதல் படி என்றேனே, அது திருமணப் பதிவு.

கோயிலில் தாலி கட்டினோம், ஊர் கூடிச் சாப்பிட்டது, போட்டோ ஆல்பம் இருக்கிறது, இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும் என்று கேட்கும் குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. சட்டத்தின் கண்ணுக்கு ஆல்பம் தெரியாது. 1976-ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் 1982 மார்ச் முதல் நாள் அமலுக்கு வந்தது. அதற்கு முன் நம் வழக்கப்படி நடந்த கல்யாணங்கள் பதிவானவையாகவே கொள்ளப்படுகின்றன. ஆகையால் பாட்டிமார் கவலைப்பட வேண்டாம். அதற்குப் பிறகு நடக்கும் முஸ்லிம் அல்லாதார் கல்யாணம் பதிவாக வேண்டும். 15-ஆம் பிரிவும் 'மணமான பெண்' என்று சொல்லும்போது, எழுதப்பட்ட சட்டப்படி திருமணம் பதிவு செய்யப்பட்ட பெண்ணையே குறிக்கிறது. பதிவு இல்லையென்றால் அந்தப் பிரிவின் கதவு உங்களுக்குத் திறக்கவே திறக்காது.

நம் பையன்கள் சிலர் ஊருக்குப் போய்ப் பெண் பார்த்து அங்கேயே கல்யாணம் முடித்து அழைத்து வருகிறார்கள். அப்படி வெளிநாட்டில் மணந்த மலேசியர், ஆறு மாதத்துக்குள் அங்குள்ள மலேசியத் தூதரகத்திலோ, அதற்குள் நாடு திரும்பிவிட்டால் இங்குள்ள பதிவிலாகாவிலோ அதைப் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். விருந்துக்கு ஓடும் அவசரத்தில் இந்த ஆறு மாதம் பறந்துவிடும். இங்கேயே கல்யாணம் வைப்பவர்கள், அந்தக் கோயிலில் பதிவு செய்யும் அதிகாரம் பெற்ற துணைப் பதிவாளர் இருக்கிறாரா என்று மண்டபத்துக்கு முன்பணம் கட்டும்போதே கேட்டுவிடுங்கள். மேளக்காரரைப் பற்றி எத்தனை முறை விசாரிக்கிறோம்!

பதிவு செய்யாததால் அடி விழுவது பெரும்பாலும் பெற்றோர்மீது இல்லை, பிள்ளைமீதுதான். பள்ளியில் முதலாம் ஆண்டுப் பதிவின்போது பிறப்புப் பத்திரங்களை வாங்கிப் பார்ப்பது என் வேலை. தகப்பன் குடிமகன், தாய் வெளிநாட்டவர், திருமணம் பதிவாகவில்லை என்றால், அரசியலமைப்பின் கண்ணில் அந்தப் பிள்ளை திருமண உறவுக்கு வெளியே பிறந்தது. அப்படிப்பட்ட பிள்ளைக்குத் தகப்பனின் குடியுரிமை சேராது; தாயின் நிலையைத்தான் பார்ப்பார்கள். பத்திரத்தில் 'புக்கான் வார்கா நெகாரா', அதாவது குடிமகன் அல்லன் என்று இருக்கும். பிறந்தது இங்கே, தகப்பனின் தகப்பனும் இங்கே பிறந்தவர், பிள்ளை மட்டும் அந்நியன். ஆறு வயதில் பிள்ளைக்கு ஒன்றும் புரியாது. பன்னிரண்டு வயதில் கூட்டாளிகள் எல்லோரும் அடையாளக் கார்டு எடுத்துவிட்டு வந்து ஒருவருக்கொருவர் போட்டோவைக் காட்டிச் சிரிக்கும்போது புரிந்துவிடும்.

"பிறகு பதிவு செய்துகொண்டால் சரியாகிவிடாதா?" என்று கேட்பார்கள். திருமணம் சரியாகும். பிள்ளையின் குடியுரிமை தானாகச் சரியாகாது. மலேசியத் தகப்பனுக்கும் பிலிப்பீன்ஸ் தாய்க்கும் திருமணப் பதிவுக்கு முன் வெளிநாட்டில் பிறந்த பிள்ளையின் வழக்கு கூட்டரசு நீதிமன்றம் வரை போயிற்று. பெற்றோர் பின்னால் முறைப்படி மணந்துகொண்டவர்கள்தாம். 2021 மே மாதம் ஏழு நீதிபதிகளில் நால்வர் பிள்ளைக்கு எதிராகத் தீர்ப்பளித்தார்கள். இங்கே பிறந்து இந்த நிலையில் இருக்கும் பிள்ளைக்கு 15ஏ பிரிவின்கீழ் அரசாங்கத்திடம் சிறப்பு மனுச் செய்யலாம். கொடுப்பதும் மறுப்பதும் அரசாங்கத்தின் விருப்பம். 21 வயது வரை என்றிருந்த எல்லையை 18 ஆக்க 2024-ஆம் ஆண்டின் அரசியலமைப்புத் திருத்தம் வகை செய்தது. ஆகவே அப்படிப்பட்ட பிள்ளை வீட்டில் இருந்தால் இந்த மாதமே பதிவிலாகாவுக்குப் போங்கள். கடிதம் எழுதிய சகோதரி பிள்ளைகள் பிறப்பதற்கு முன்பே திருமணத்தைப் பதிவு செய்திருக்கிறார். அவருடைய கணவருக்கு என் நன்றியைச் சொல்லுங்கள்.

கணவன்மாரைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டது. பாஸ் புதுப்பிக்கக் கணவர் கூட வர வேண்டும். மனுவிலும் அவர் பத்திரங்கள் வேண்டும். பேட்டிக்கும் அவர் வர வேண்டும். பெரும்பாலானோர் முனகிக்கொண்டாவது லீவு போட்டு வந்துவிடுகிறார்கள். ஆனால் சண்டை வரும்போதெல்லாம், "என் கையெழுத்து இல்லாட்டி நீ கப்பலேற வேண்டியதுதான்" என்று மிரட்டுகிறவர்களும் லயத்துக்கு ஒருவர் உண்டு. பாஸை வேண்டுமென்றே காலாவதியாக விட்டுவிட்டு மனைவியை வீட்டுக்குள் அடைத்து வைத்தவரையும் பார்த்திருக்கிறேன். ஐயா, உங்கள் பிள்ளைகளின் தாய் அவர். அவர் கையில் கார்டு இல்லாமல் நீங்கள் கண்ணை மூடிவிட்டால் யார் போய் எதில் கையெழுத்துப் போடுவது? எங்கள் பக்கத்துத் தோட்டத்தில் சிவப்புக் கார்டோடு இருபது ஆண்டு இருந்த ஒரு அம்மா, "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்று கணவர் தள்ளிக்கொண்டே வந்து, ஒரு நாள் மாரடைப்பில் போய்விட்டார். மனைவி என்ற வழி அவரோடு போயிற்று. அந்த அம்மா 19-ஆம் பிரிவில், பன்னிரண்டு ஆண்டுகளில் பத்தாண்டு வசித்த கணக்கெல்லாம் காட்டி, மலாய்த் தேர்வுக்கு ஐம்பத்தெட்டு வயதில் படிக்க உட்கார்ந்தார்.

மிரட்டலுக்குப் பயந்து வாழும் சகோதரிகள் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். கடப்பிதழும் சிவப்புக் கார்டும் உங்கள் பெயரில் உள்ளவை. அவை உங்கள் கையில்தான் இருக்க வேண்டும். திருமணப் பத்திரத்தின் பிரதி ஒன்றும் கூடவே இருக்கட்டும். திருமணம் சீக்கிரத்தில் முறிந்தால் குடியுரிமையை அரசாங்கம் பறிக்க முடியும் என்று 26-ஆம் பிரிவு சொல்கிறது. இரண்டு ஆண்டுக் கணக்கு அதில் வருகிறது. அந்தக் கணக்கைத் திருமண நாளுக்குப் பதிலாகக் குடியுரிமை பெற்ற நாளிலிருந்து எண்ணும்படி 2024 திருத்தம் மாற்றுகிறது. அப்படிப்பட்ட சிக்கலில் இருப்பவர்கள் லயத்துப் பெண்களின் யோசனையைக் கேட்காமல் சட்ட உதவி அலுவலகத்துக்குப் போங்கள்.

பத்திரங்கள் விஷயத்தில் ஒன்றே ஒன்று சொல்கிறேன், பெயர். இந்தியக் கடப்பிதழில் ஒரு எழுத்துக்கூட்டு, திருமணப் பத்திரத்தில் வேறொன்று, பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தில் மூன்றாவது. 'லெட்சுமி' என்றும் 'லக்ஷ்மி' என்றும் 'லட்சுமி' என்றும் நமக்கு ஒரே ஆள்தான். கணினிக்கு மூன்று பேர். தகப்பனார் பெயர் முன்னால் வருவதும் பின்னால் வருவதும் இன்னொரு குழப்பம். எல்லாப் பத்திரத்தையும் மேசைமேல் பரப்பி, மூத்த பிள்ளையை விட்டு எழுத்தெழுத்தாக ஒப்பிடச் சொல்லுங்கள். வேறுபாடு இருந்தால் இவையெல்லாம் ஒருவரே என்று சத்தியப் பிரமாண ஆணையர் முன்னிலையில் ஒரு பிரமாணப் பத்திரம் எழுதிக்கொள்ளலாம். மலாயில் 'சூராட் அக்குவான் பெர்சும்பா' என்பார்கள். முகப்பில் கேட்டால் அது தேவையா என்று சொல்லிவிடுவார்கள். இதோடு, கடப்பிதழில் குத்திய முத்திரைகளைப் பார்த்து, ஊருக்குப் போன நாளையும் திரும்பிய நாளையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். தாயைப் பார்க்க இரண்டு வாரம் போய் வந்ததில் தவறில்லை. பிரசவம், வைத்தியம் என்று மாதக்கணக்கில் அங்கே தங்கியிருந்தால் அந்த 'இரண்டு ஆண்டு முழுவதும்' பற்றிக் கேள்வி வரும்.

இப்போது பேட்டி.

சகோதரியின் பயமெல்லாம் மலாய்மீது. 2024 திருத்தம், குடிமகனின் மனைவியாக மனுச் செய்பவருக்கும் போதிய மலாய் அறிவு வேண்டும் என்பதைச் சேர்க்கிறது. அது உங்கள் மனுவுக்குப் பொருந்துமா என்பதை முகப்பில் கேட்டுக்கொள்ளுங்கள். பொருந்தினாலும் பொருந்தாவிட்டாலும் பேட்டி நடப்பது மலாயில்தான், ஆதலால் படிப்பு வீண்போகாது.

உங்களுக்கு மலாய் தெரியாது என்று யார் சொன்னது? 'கெடாய்' என்றால் நம் கடை. 'கப்பால்' என்றால் கப்பல். பெட்டி அங்கேயும் 'பெத்தி', கட்டில் 'காத்தில்', காவல் 'காவால்', வியாபாரத்துக்குப் போடும் முதல் 'மோடால்'. மாம்பழம்கூட 'மெம்பெலாம்' ஆகியிருக்கிறது. வடமொழியிலிருந்து இரு வீட்டுக்கும் வந்தவை இன்னும் எத்தனையோ. 'பஹாசா' நம் பாஷை. மனைவி 'இஸ்தெரி'. கணவர் யார் தெரியுமா? 'சுவாமி'!

இந்தச் சுவாமியிடத்தில்தான் நம் பெண்கள் முதலில் மாட்டிக்கொள்கிறார்கள். "நாமா சுவாமி?" என்று உத்தியோகஸ்தர் கேட்பார். கணவர் பெயர் என்ன என்பது கேள்வி. நம்மவர் தலையைக் குனிந்துகொண்டு பக்கத்தில் இருப்பவரைப் பார்ப்பார். பெயரைச் சொல்லக் கூடாதென்று வளர்ந்தவர். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு இந்தப் பழக்கம் தெரிய நியாயமில்லை; புருஷன் பெயர்கூடத் தெரியாத கல்யாணமா என்று புருவத்தை உயர்த்துவார். வீட்டிலேயே நான்கு முறை வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். சுவாமிக்கு ஒன்றும் ஆயுள் குறையாது.

இன்னொன்று தலையாட்டல். 'ஆமாம்' என்பதற்கு நாம் தலையைப் பக்கவாட்டில் ஆட்டுவோம். மற்ற இனத்தவர் பார்வைக்கு அது 'இல்லை' என்பதுபோல் படும். "நிரந்தரமாக இங்கேயே இருப்பீர்களா?" என்ற கேள்விக்கு அப்படி ஆட்டிவிட்டு வந்தால் என்ன ஆகும்? தலையை அசையாமல் வைத்துக்கொண்டு 'யா, துவான்' என்று வாயால் சொல்லுங்கள். பெண் உத்தியோகஸ்தராக இருந்தால் 'புவான்'. கடைத்தெருவில் 'லூ', 'குவா' என்று பேசிப் பழகியிருப்போம். மீன்காரரிடம் அது செல்லும், ஆப்பீஸில் மரியாதைக் குறைவு. நான் என்பதற்கு 'சயா'.

மூன்றாவது, தேதி. இதற்குக் கொஞ்சம் நேரம் செலவிடுங்கள். "பிலா பெர்காவின்?" என்று கேட்டால் எப்போது கல்யாணம் என்று பொருள். மனைவி மனத்தில் தாலி கட்டிய தை மாதத்து நாள். கணவர் மனத்தில் பதிவிலாகாவில் கையெழுத்துப் போட்ட நாள். இருவரும் உண்மைதான் சொல்கிறார்கள். ஆனால் இரண்டு உண்மை சேர்ந்து ஒரு பொய் போலக் கேட்கும். பணம் வாங்கிக்கொண்டு காகிதத்தில் மட்டும் கணவன் மனைவியாக இருக்கும் ஜோடிகளைக் கண்டுபிடிப்பதும் அவர்கள் வேலை என்பதை மறக்காதீர்கள். பதிவு செய்த நாள் இது, கோயிலில் கல்யாணம் நடந்த நாள் இது என்று இரண்டையும் ஆங்கில மாதத்தில், வருடத்தோடு சொல்ல இருவரும் பழகுங்கள். பிள்ளைகளின் பிறந்த நாளும் அப்படியே. நட்சத்திரம் தெரிகிறது, தேதி தெரியவில்லை என்கிறவர்கள் நம்மில் நிறையப் பேர்.

எங்கள் தோட்டத்துப் பெண்கள் போய்வந்து சொன்னதிலிருந்து, கேள்விகள் பெரும்பாலும் வீட்டைச் சுற்றித்தான் இருக்கின்றன. இங்கே வந்து எத்தனை ஆண்டு, யார் மூலம் சம்பந்தம் வந்தது, வீட்டில் எத்தனை பேர், கணவருக்கு என்ன வேலை, மாமியார் உயிரோடு இருக்கிறாரா, பிள்ளைகள் எந்தப் பள்ளி. 'சுடா பெராப்பா லாமா திங்கால் டி சினி?' என்றால் இங்கே வசித்து எவ்வளவு காலம். 'அனாக் பெராப்பா ஓராங்?' என்றால் பிள்ளைகள் எத்தனை பேர். பதிலை மனப்பாடம் செய்யாதீர்கள். பாட்டுப் போல் ஒப்பிக்கிறவரை நிறுத்தி வேறு மாதிரி கேட்டால் கதை முடிந்தது. அதைவிட ஒரே ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்யுங்கள்: 'மாஆஃப் துவான், சயா கூராங் ஃபாஹாம், போலே உலாங்?' மன்னியுங்கள், சரியாகப் புரியவில்லை, திரும்பச் சொல்ல முடியுமா என்று பொருள். புரியாத கேள்விக்குச் சிரித்து மழுப்புவதைவிட இது நூறு மடங்கு மேல்.

நாட்டைப் பற்றியும் கேட்கலாம். நெகாராகூ பாடத் தெரிய வேண்டும். மாமன்னர் ஐந்தாண்டுக்கு ஒரு முறை மாறுகிறவர். பழைய காலண்டரை நம்பாமல் இப்போது இருப்பவரின் பெயரைக் கேட்டு வையுங்கள். பிரதமர் பெயர், உங்கள் மாநில மந்திரி புசார் பெயர் தெரியட்டும். பேராக், கெடா, ஜொகூர் என்றால் சுல்தான். நெகிரி செம்பிலானில் யாங் டி பெர்துவான் புசார். பினாங்கிலும் மலாக்காவிலும் ஆளுநர். ருக்குன் நெகாரா 1970 ஆகஸ்ட் 31-இல் பிரகடனம் செய்யப்பட்டது, ஐந்து கோட்பாடுகள். அதற்குப் புத்தகம் தேடி அலைய வேண்டாம், பிள்ளையின் பயிற்சிப் புத்தகத்தைத் திருப்பிப் பின்னட்டையைப் பாருங்கள். பள்ளிச் சபைகூடலில் பிள்ளைகள் சொல்வதுதான் அது. சமையல் செய்யும்போது அவர்களையே முன்னே சொல்லச் சொல்லி நீங்கள் பின்னே சொல்லுங்கள். எங்கள் பள்ளியில் நாலாம் ஆண்டுச் சிறுமி ஒருத்தி, தன் தாயை நாற்காலியில் உட்கார வைத்து, தகப்பனின் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தினமும் இரவு பேட்டி எடுத்தாள். "பதில் சொல்லும்போது சேலைத் தலைப்பைத் திருகாதீங்கம்மா" என்று அதட்டவும் செய்தாளாம். உண்மையான உத்தியோகஸ்தர் அவளைவிடச் சாதுவாக இருந்தார் என்று தாய் வந்து சொன்னார்.

கணவர்மாரே, அன்றைக்கு மட்டும் வாயை மூடிக்கொண்டு உட்காருங்கள். கேள்வி மனைவிக்கு. நீங்கள் முந்திக்கொண்டு பதில் சொன்னால், அவருக்கு ஒன்றும் தெரியாது என்று நீங்களே சாட்சி சொன்னதாகும். உங்களைத் தனியே வெளியே இருக்கச் சொன்னாலும் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

உடையைப் பற்றிக் கேட்கிறவர்களுக்கு: சேலை போதும், பஞ்சாபி உடையும் சரிதான். ரப்பர் சிலிப்பரோடும் அரைக்கால் சட்டையோடும் வரும் கணவரைக் காவலாளி வாசலிலேயே நிறுத்திவிடலாம்.

தம் மகள் வெளிநாட்டவரை மணந்திருக்கும் பெற்றோர் சிலர், மருமகனுக்கும் இதே வழிதானே என்று கேட்கிறார்கள். இல்லை. 15-ஆம் பிரிவு மனைவிக்கு மட்டும். கணவர் 19-ஆம் பிரிவில், பத்தாண்டுக் கணக்கில்தான் வர வேண்டும். நியாயமா என்றால் எனக்கு நியாயமாகப் படவில்லை. ஆனால் சட்டம் இன்று அப்படித்தான் இருக்கிறது.

பேட்டி முடிந்தபின் காத்திருக்க வேண்டும். மாதங்கள் என்று நினைத்தால் ஆண்டுகள் ஆகலாம். வீடு மாறினால் புதிய முகவரியைப் பதிவிலாகாவுக்குக் கட்டாயம் தெரிவியுங்கள். தோட்டம் விற்கப்பட்டு லயத்தைக் காலி செய்த குடும்பங்களுக்கு வந்த கடிதங்கள், ஆளில்லாத ஆப்பீஸ் கதவில் செருகிக் கிடந்ததை நான் கண்டிருக்கிறேன். மனு கொடுத்த ரசீதை பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சாமிப் படத்துக்குப் பின்னால் வையுங்கள். அங்கே வைத்தால் தொலையாது.

மனு ஏற்கப்பட்டால் விசுவாசப் பிரமாணம் எடுக்க அழைப்பார்கள். அந்தப் பிரமாணம் இல்லாமல் பதினெட்டு வயதைக் கடந்த யாரும் குடிமக்களாகப் பதிவு பெற முடியாது. இந்தியா இரட்டைக் குடியுரிமை தருவதில்லை, மலேசியாவும் ஏற்பதில்லை; ஆகவே இந்தியக் கடப்பிதழை இந்தியத் தூதரகத்தில் முறைப்படி ஒப்படைக்க வேண்டும். ஊரில் நிலம், வீடு, வங்கிக் கணக்கு உள்ளவர்கள் அதற்கு முன்பே விவரம் கேட்டுக்கொள்ளுங்கள். ஒப்படைக்கும் அன்று கண்ணில் நீர் வரும் என்று சொல்கிறார்கள். வரட்டும்.

நீலக் கார்டு வந்தபின் வாக்காளராகப் பதிய எங்கும் ஓட வேண்டியதில்லை. 2021 டிசம்பர் முதல் பதினெட்டு வயதான குடிமக்கள் தானாகவே வாக்காளர் பட்டியலில் சேர்க்கப்படுகிறார்கள். சில மாதம் கழித்து உங்கள் பெயர் எந்த வாக்குச்சாவடியில் இருக்கிறது என்று மட்டும் பிள்ளையை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

பேராக் சகோதரிக்கு: அடுத்த வாரமே கணவரோடு பதிவிலாகா முகப்புக்குப் போய், 15(1) என்று சொல்லிப் பாரமும் பத்திரப் பட்டியலும் வாங்கி வாருங்கள். நிரப்பும்போது சந்தேகம் வந்தால் எழுதுங்கள். அடுத்த இதழில் பிறப்புப் பத்திரத்தில் உள்ள பெயர்ப் பிழையைத் திருத்துவது எப்படி என்று சொல்கிறேன். அது பற்றி மட்டும் பன்னிரண்டு கடிதங்கள் சேர்ந்துவிட்டன.